50 கிலோமீட்டர் மலையோட்டம்: எந்த வடிவப் பாதை உங்களுக்குச் சரிவரும்?

ஓர் ஓட்டக் குழு மலையில் முதல் நெடுந்தூரப் போட்டியை நடத்தக் கூடிப் பேசும்போது, பதக்கமும் டி-ஷர்ட்டும் நுழைவுக் கட்டணமும்தான் முதலில் வரும். பாதையை யாராவது ஒருவர் ஜிபிஎஸ் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஓடிப்பார்த்து வரைந்திருப்பார். நல்ல காட்சிகள் இருக்கின்றன, சரி என்று எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். எத்தனை வண்டி வேண்டும், எத்தனை தன்னார்வலர், எத்தனை கேன் தண்ணீர், அடிபட்டவரை எவ்வளவு நேரத்தில் வெளியே கொண்டுவரலாம் என்ற எல்லாவற்றையும் அந்தக் கோடு அப்போதே முடிவு செய்துவிடுகிறது. அதனால் மற்றதெல்லாம் பிறகு. முதலில் பாதையின் வடிவம்.

ஒப்பிட ஒரு கணக்கு வேண்டும். ஏற்காடு, ஏலகிரி, ஜவ்வாது போன்ற ஒரு மலையில் 50 கிலோமீட்டர், 150 பேர், ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பிப்ரவரி நடுவில் காட்டுத்தீக் காலம் தொடங்கிவிடும், வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் தீயில் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கென்றே தமிழ்நாடு அரசு விதிகள் கொண்டுவந்தது. எந்தத் துண்டுப் பாதையும் காப்புக்காட்டுக்குள் நுழைந்தால் மாவட்ட வன அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அடி எடுத்து வைக்கக் கூடாது. இருட்டில் ஓட்டமும் வேண்டாம். காட்டெருமை நடமாடும் மலைகள் இவை. மேற்குத் தொடர்ச்சி மலை என்றால் யானையும் உண்டு. ஆகவே காலை 6:30-க்குத் தொடங்கி மாலை 6:00-க்குள் முடிக்க வேண்டும். கையில் இருப்பது பதினொன்றரை மணி நேரம்.

அந்த நேரம் போதுமா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஏற்றத்தின் ஒவ்வொரு 100 மீட்டரையும் ஒரு கிலோமீட்டராக எண்ணித் தூரத்தோடு கூட்டுங்கள். சர்வதேச ட்ரெயில் ஓட்டச் சங்கம் பாதைகளைத் தரம் பிரிப்பதும் இப்படித்தான். 50 கிலோமீட்டரில் மொத்த ஏற்றம் 2,000 மீட்டர் என்றால் 70 வரும். அதைப் பதினொன்றரையால் வகுத்தால் மணிக்கு ஆறுக்குச் சற்று மேல். ஆல்ப்ஸ் மலையில் நடக்கும், உலகின் பெயர்பெற்ற மலையோட்டமான யுடிஎம்பியில் ஏறத்தாழ 170 கிலோமீட்டர், 10,000 மீட்டர் ஏற்றம், 46 மணி 30 நிமிட வரம்பு. அதே கணக்கில் அது மணிக்கு ஆறைத் தொடவில்லை. அங்கே தகுதி பெற்று வந்தவர்களுக்குக் கொடுப்பதைவிட இறுக்கமான வரம்பை, சாலையில் மாரத்தான் ஓடிவிட்டு முதன்முதலாக மலைக்கு வருபவருக்குக் கொடுக்கிறோம் என்று பொருள். ஏற்றத்தை 1,500 மீட்டருக்குள் அடக்குங்கள். கணக்கு மணிக்கு 5.65-க்கு இறங்கும்.

இனி நான்கு வடிவங்கள். வழியில் தண்ணீரும் உணவும் தரும் எய்ட் ஸ்டேஷனை இங்கே பந்தல் என்றே சொல்வோம். வேலை அதே தண்ணீர்ப் பந்தல் வேலைதான்.

ஓரிடத்தில் தொடங்கி வேறிடத்தில் முடிவது

கேட்கவே கம்பீரமாக இருக்கும் வடிவம் இது. கலிஃபோர்னியாவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டம் ஒலிம்பிக் பள்ளத்தாக்கில் தொடங்கி 100.2 மைல் தள்ளி ஆபர்னில் முடிகிறது. குதிரைகள் ஓடும் போட்டிப் பாதையில் 1974-இல் ஒருவர் காலால் ஓடி 24 மணி நேரத்துக்குள் முடித்ததிலிருந்து பிறந்த ஓட்டம் அது.

நம் 150 பேருக்கு இதைச் செய்யப் போனால் முதல் செலவு வண்டி. கொண்டை ஊசி வளைவுகளில் பெரிய பேருந்து சிரமப்படும். 25 இருக்கை வேன் என்றால் ஆறு வேண்டும், பழுதுக்கு ஒன்று கூடுதல். ஓட்டம் 6:30-க்கு என்றால் வேன்கள் 4:30-க்கே கிளம்ப வேண்டும். ஒரு வேன் பஞ்சரானால் 25 பேர் தாமதம். அவர்களுக்காகத் தொடக்கத்தைத் தள்ளினால் மாலை வெளிச்சம் குறையும், தள்ளாவிட்டால் சண்டை. மாற்றுடைப் பைகள் தனி வண்டியில் முடிவிடத்துக்குப் போக வேண்டும். இடையில் நின்றவர்களைத் தொடக்கத்துக்கா முடிவுக்கா கொண்டுபோவது என்ற கேள்வியும் வரும். இரண்டு வனச்சரகம், இரண்டு காவல் நிலையம், நான்கைந்து ஊராட்சி என்று அனுமதிக் கடிதங்கள் பெருகும். ஒன்று வராவிட்டால் பாதை நடுவில் அறுந்துவிடும், சுற்றிப்போக வழி இருக்காது. புதிய குழு இதைத் தொட வேண்டாம்.

போய்த் திரும்புவது

25 கிலோமீட்டர் போய் அதே வழியில் திரும்புவது. கொலராடோவின் லெட்வில் 100 மைல் ஓட்டம் இப்படித்தான்: விண்ஃபீல்டு வரை போய்த் திரும்புவார்கள், 12,600 அடி உயரமுள்ள ஹோப் கணவாயை இரண்டு முறை தாண்டுவார்கள்.

சிக்கனம் என்று பார்த்தால் இதற்கு இணையில்லை. அனுமதி, வழிகாட்டக் கட்டும் ரிப்பன், சுத்தம் செய்தல் எல்லாம் 25 கிலோமீட்டருக்கு மட்டும். 8, 17, 25 ஆகிய கிலோமீட்டர்களில் மூன்று பந்தல் போட்டால் போதும். ஆனால் முதல் பந்தலில் 7:15-க்கு முதல் ஆள் வந்துவிடுவார். கடைசி ஆள் திரும்பி வரும்போது மாலை நான்கு ஆகியிருக்கும். ஒரே குழு அவ்வளவு நேரம் நிற்காது, இரண்டு ஷிப்ட் வேண்டும். காலையில் உற்சாகமாக எடுத்து வைத்த ஐஸும் மோரும் மதியம் தேவைப்படும்போது தீர்ந்தோ புளித்தோ போயிருக்கும். பாதிச் சரக்கை மூடிவைத்து 11:30-க்கு மேல்தான் திறக்க வேண்டும் என்று பந்தல் பொறுப்பாளரிடம் எழுதியே கொடுத்துவிடுங்கள்.

இதன் பெரிய சிக்கல் எதிரெதிர் ஓட்டம். முதல் ஆள் திருப்பத்தை 9:10-க்குத் தொடுவார், கடைசி ஆள் 11:50-க்கு. இடைப்பட்ட நேரம் முழுக்க வேகமாக இறங்கி வருபவர்களும் தலையைக் குனிந்து ஏறுபவர்களும் ஒற்றையடிப் பாதையில் நேருக்கு நேர் சந்திப்பார்கள். ஏறுபவருக்கு வழிவிடுவது மலை வழக்கம். போட்டியில் வெல்லத் துடிப்பவர் அதை மதிக்கமாட்டார், விதியில் இல்லாவிட்டால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. யார் ஒதுங்குவது, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதை விதித்தாளில் ஒரே வரியில் எழுதித் தொடக்கக் கோட்டில் ஒலிபெருக்கியில் திரும்பச் சொல்ல வேண்டும். பள்ளத்தின் பக்கம் யாரும் ஒதுங்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஊன்றுகோலுக்கு இந்த வடிவத்தில் தடை வைப்பது நல்லது. எதிரே வருபவரின் காலில் சிக்கும்.

ஆனால் இந்த வடிவத்தில் வேறெதிலும் கிடைக்காத ஒரு பாதுகாப்பு இருக்கிறது: கீழே விழுந்தவரை இரு திசையிலிருந்தும் ஆட்கள் பார்ப்பார்கள். அகலமான ஜீப் பாதை கிடைத்தால் இதைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். ஒற்றையடிப் பாதை பத்து கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் வேண்டாம்.

ஒரே பெரிய வட்டம்

ஓடுபவர்கள் ஏங்குவது இதற்குத்தான். மோன் பிளான்க் மலைத்தொகுதியையே சுற்றி ஷாமொனிக்குத் திரும்பும் யுடிஎம்பியும், கொலராடோவில் சில்வர்டனிலிருந்து கிளம்பி ஆண்டுக்கு ஒருமுறை திசையை மாற்றிச் சுற்றும் ஹார்ட்ராக் 100-உம் இந்த வகை. திரும்பப் பார்க்காத பாதை, மலையை முழுதாகச் சுற்றிய நிறைவு, வண்டியும் பையும் ஒரே இடத்தில். குறை என்ன என்று கேட்பீர்கள்.

தண்ணீரிலிருந்து பார்ப்போம். ஏழெட்டு கிலோமீட்டருக்கு ஒன்று என்றால் ஆறு பந்தல். ஆளுக்கு ஒன்றரை லிட்டர், 150 பேருக்கு 225 லிட்டர். தலையில் ஊற்றிக்கொள்வதற்கும் சிந்துவதற்கும் கால் பங்கு சேர்த்தால் 280, அதாவது 20 லிட்டர் கேன் 14. ஆறு பந்தலுக்கு 84 கேன். ஜீப் பந்தல்வரை போனால் கவலையில்லை. அரை கிலோமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டால், ஒவ்வொரு கேனும் தலைச்சுமை. நீலகிரியில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் அட்டைப்பெட்டி பாட்டில் குறுக்குவழியும் அங்கே கிடையாது. ஓஆர்எஸ் கலக்குவதில் எல்லாப் பந்தலிலும் ஒரே தவறு நடக்கும்: 20 லிட்டர் கேனில் இரண்டு மூன்று பொட்டலத்தைக் கொட்டிக் கிளறி வைப்பார்கள். ஒரு லிட்டர் பொட்டலம் ஒரு லிட்டருக்குத்தான். கேனுக்கு 20 பொட்டலம். பத்து மணி நேரம் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பவருக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கும். விரல் வீங்கும், குமட்டும், பேச்சு குழறும். வெயிலால் என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுத்தால் நிலைமை மோசமாகும். அவித்த உருளைக்கிழங்கை உப்பில் தொட்டுத் தருவதும், உப்புப் போட்ட மோரும், புளியோதரை உருண்டையும் இங்கே வெறும் தின்பண்டம் என்று எண்ண வேண்டாம்.

அடுத்தது ஆட்கள். பந்தலுக்கு ஐந்து பேர் வீதம் 30, முடிவிடத்தில் 8, பாதை பிரியும் இடங்களில் 10, கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் ஸ்வீப்பர்கள் இரண்டிரண்டாக மூன்று தொடர் ஓட்டக் குழு: 54 பேர். ரிப்பன் 100 மீட்டருக்கு ஒன்றும் திருப்பங்களில் கூடுதலாகவும் கட்டினால் 700 துண்டு. துணி ரிப்பனாகவே வாங்குங்கள். மாடு தின்னும், பிள்ளைகள் அவிழ்ப்பார்கள் என்பதால் முந்தைய நாள் மாலையில் கட்டி, விடிந்ததும் ஒவ்வொரு துண்டையும் ஒருவர் நடந்து சரிபார்க்க வேண்டும். திருப்பத்துக்கு முன்னால் அம்புக்குறி போட்டால் மட்டும் போதாது. திரும்பிய 20 மீட்டரில் சரியான வழிதான் என்று உறுதி சொல்லும் ரிப்பனும், தவறான கிளையின் குறுக்கே ஒரு கோடும் இருக்க வேண்டும். கோலமாவு அம்பு பனி ஈரத்திலேயே கரையும். அதை மட்டும் நம்பாதீர்கள்.

இவையெல்லாம் பணமும் உழைப்பும் இருந்தால் தீர்பவை. தீராதது தூரம். 2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில் 172 பேர் கிளம்பினார்கள். திடீரென்று வந்த குளிர்காற்றிலும் மழையிலும் உடல் விறைத்து 21 பேர் இறந்தார்கள். இரண்டாவது சோதனை நிலையத்துக்கும் மூன்றாவதுக்கும் இடையே எட்டு கிலோமீட்டர், ஆயிரம் மீட்டர் ஏற்றம். மேலே உள்ள நிலையத்துக்கு வண்டிப் பாதை இல்லை, அங்கே உணவும் இல்லை. காற்றைத் தடுக்கும் மேலங்கி கட்டாயப் பொருள் பட்டியலில் இல்லை. சிலரைக் காப்பாற்றியது அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர். எட்டு கிலோமீட்டர் என்பது வரைபடத்தில் சின்னக் கோடு. ஏழெட்டு கிலோமீட்டருக்கு ஒரு பந்தல் என்று நாம் மேலே எழுதிய இடைவெளியும் அதுதான்.

பெரிய வட்டம் போடுவதென்றால், எந்தப் புள்ளியிலிருந்தும் மூன்று கிலோமீட்டருக்குள் வண்டி வரும் வழி ஒன்று இருக்க வேண்டும். அந்த வழிகளை வரைபடத்தில் குறித்து, பூட்டிய கேட் இருந்தால் சாவி யாரிடம் என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். தோட்டத்துக் கேட் பூட்டியிருந்து ஆம்புலன்ஸ் வெளியே நிற்பது மலையில் சாதாரணமாக நடக்கும்.

ஒரே முகாமைச் சுற்றிச் சிறு வட்டங்கள்

12.5 கிலோமீட்டர் வட்டம், நான்கு சுற்று. உலகின் கடினமான ஓட்டங்களில் ஒன்றான டென்னஸியின் பார்க்லி ஐந்து சுற்றுதான். பேக்யார்டு அல்ட்ரா என்ற வகைப் போட்டியில் 6.706 கிலோமீட்டர் வட்டத்தை மணிக்கு ஒருமுறை ஓடுவார்கள், 24 சுற்றில் 100 மைல். சுற்றி ஓடுவது மட்டமான ஓட்டம் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடலாம்.

முகாமில் ஒரு பெரிய பந்தல், வட்டத்தின் நடுவில் ஒரு சிறிய பந்தல். தண்ணீரை முகாமுக்கே டேங்கரிலோ வடிகட்டியிலோ ஏற்பாடு செய்துகொள்ளலாம். மருத்துவர், ஆம்புலன்ஸ், சமையல் எல்லாம் கண்ணெதிரே. எவரும் ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை முகாமைக் கடந்தாக வேண்டும் என்பதால், நடை தள்ளாடுகிறதா, பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று மருத்துவர் நேரில் பார்த்துவிடுவார். பெரிய வட்டத்தில் எத்தனை பணம் கொட்டினாலும் இது கிடைக்காது. கட்-ஆஃப், அதாவது தாண்டினால் ஓட்டத்தை நிறுத்தும் நேர வரம்பு, வைப்பதும் சுலபம். கால் தளரத் தளரச் சுற்று நீளும் என்பதால் சமமாகப் பிரிக்காமல், முதல் சுற்று 9:00-க்குள், இரண்டாவது 11:50-க்குள், மூன்றாவது 2:50-க்குள், நான்காவது 6:00-க்குள் என்று வைக்கலாம். நேரம் தவறியவர் ஏற்கெனவே முகாமில் இருப்பார். அவரை அழைத்துவர ஜீப் அனுப்ப வேண்டியதில்லை.

குறைகளும் உண்டு. 150 பேர் நான்கு முறை என்றால் ஒரே பாதையில் 600 முறை கால் படும். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் மூன்றாம் சுற்றில் சரிவுகள் சேறாகி வழுக்கும், தோட்டக்காரர் அடுத்த ஆண்டு இடம் தரமாட்டார். இரண்டாம் சுற்றிலிருந்து வேகமானவர்கள் மெதுவானவர்களை முந்த ஆரம்பிப்பார்கள். பின்னால் வருபவர் குரல் கொடுக்க வேண்டும், முன்னால் செல்பவர் மலைப்பக்கம் ஒதுங்க வேண்டும். சுற்றுக் கணக்கிலும் தகராறு வரும். டைமிங் சிப்பை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு சுற்றிலும் வேறு நிறக் கைப்பட்டை கட்டுங்கள், ஒருவர் நோட்டில் எண்ணையும் நேரத்தையும் எழுதட்டும். பார்க்லியில் பாதையோரம் வைத்த புத்தகங்களிலிருந்து தன் எண்ணுக்குரிய பக்கத்தைக் கிழித்து வரச் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான். கடைசியாக, களைத்து வருபவரின் கண்ணெதிரே அவர் காரும் நாற்காலியும் சாப்பாடும் இருக்கும். மூன்றாம் சுற்றோடு நிற்பவர்கள் இந்த வடிவத்தில் அதிகம். வாகன நிறுத்தத்தை முகாமிலிருந்து பார்வைக்குப் படாத இடத்தில் வைத்தால் கொஞ்சம் குறையும்.

இந்தக் குறைகளில் பாதியை ஒரே மாற்றத்தால் சரிசெய்யலாம். ஒரு வட்டத்துக்குப் பதில் முகாமிலிருந்து இரண்டு இதழ்போல வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, இரண்டும் 12.5 கிலோமீட்டர். வடக்கு, தெற்கு, மறுபடி வடக்கு, தெற்கு. தேய்மானம் ஒவ்வொரு பாதையிலும் 300 ஆகப் பாதியாகும், முந்துவதும் குறையும், சலிப்பும் தட்டாது. ரிப்பன் 350 போதும். வடக்குக்கு ஒரு நிறம், தெற்குக்கு வேறு நிறம். முகாமில் 12, இரண்டு நடுப்பந்தலிலும் சேர்த்து 8, பிரியும் இடங்களில் 6, ஸ்வீப்பர் 4 என்று 30 பேரில் முடியும். முதல் மூன்று ஆண்டுகளுக்கு எந்தப் புதிய குழுவும் இதைத்தான் நடத்த வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

வடிவத்தோடு மாறும் விதிகள்

வேறொரு போட்டியின் விதித்தாளை அப்படியே எடுத்து ஒட்டினால் இங்கேதான் தவறும். இதழ் வடிவத்தில் ஒரு லிட்டர் தண்ணீர், விசில், சார்ஜ் உள்ள கைப்பேசி, சுற்றிக் கட்டும் பேண்டேஜ் போதும். பெரிய வட்டத்தில் ஒன்றரை லிட்டர், காற்றும் மழையும் புகாத மேலங்கி, உடல் சூட்டைக் காக்கும் வெள்ளித்தாள், தலைவிளக்கு எல்லாம் கட்டாயம். கட்டாயம் என்று எழுதினால் தொடக்கத்திலும் ஒரு பந்தலிலும் பையைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு பொருள் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம் தண்டம், மேலங்கி இல்லாவிட்டால் நீக்கம் என்று அளவை முன்கூட்டியே எழுதுங்கள். வெளியாள் உதவி இதழ் வடிவத்தில் முகாமில் மட்டும். பெரிய வட்டத்தில் குறித்த இரண்டு பந்தலில் மட்டும். ஓடும்போது சாப்பிடும் எனர்ஜி ஜெல் உறைகளில் ஓட்ட எண்ணை மார்க்கரால் எழுதவைத்தால் குப்பை பெருமளவு குறையும், காட்டில் கிடைத்த உறை யாருடையது என்றும் தெரியும்.

எல்லா வடிவத்துக்கும் பொதுவான, தளர்த்தவே கூடாத விதி ஒன்று: இடையில் நிற்பவர் தன் எண் அட்டையைப் பந்தல் பொறுப்பாளரிடம் கையில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். சொல்லாமல் ஊர்ப் பேருந்தில் ஏறிப் போய்விடும் ஒருவருக்காக இரவில் இருபது பேர் காட்டுக்குள் தேடப் போவார்கள். ஒவ்வொரு பந்தலும் மூடும்போது வந்தவர், கடந்தவர், நின்றவர் எண்ணிக்கையை முகாமுக்குச் சொல்லி, கணக்குச் சரியான பிறகுதான் பந்தலைக் கழற்ற வேண்டும். பள்ளத்தாக்குகளில் கைப்பேசி எடுக்காது. உரிமம் தேவைப்படாத குறைந்த சக்தி வாக்கிடாக்கி ஒரு முகட்டைத் தாண்டாது. செயற்கைக்கோள் தொலைபேசியும் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியும் தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருந்தாலே வழக்கு. உரிமம் பெற்ற ஹாம் ரேடியோ குழுவினரை இரண்டு மாதம் முன்பே கேட்டுப் பாருங்கள். உயரமான ஓரிடத்தில் ஒருவர் உட்கார்ந்து செய்தியைக் கடத்தினால் இரண்டு இதழும் காதுக்குள் வந்துவிடும்.

காப்பித் தோட்டங்களின் வழியே பாதை போகிறதென்றால் மேலாளரிடம் தேதியை மட்டும் கேட்காதீர்கள். ஜனவரி பழம் பறிக்கும் காலம். மூட்டை ஏற்றிய ஜீப்புகள் அதே பாதையில் வரும். பறிப்பு இல்லாத ஞாயிறு எது என்று கேளுங்கள்.

வரைபடத்தை அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு சோதனை. அடிபட்ட ஒருவரின் எடைக்கு ஈடாக 25 கிலோ அரிசிச் சிப்பம் மூன்றை ஸ்ட்ரெச்சரில் கட்டுங்கள். ஆறு பேர் தூக்க, ஆறு பேர் மாற்றாள். பாதையில் வண்டிப் பாதைக்கு மிகத் தொலைவான புள்ளியிலிருந்து அதைச் சுமந்து வண்டிவரை வாருங்கள். கடிகாரத்தில் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால், காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தத் துண்டை நீக்கிவிட்டுப் பாதையைச் சாலைக்கு அருகே இழுங்கள். பிறகு மறுபடி சிப்பத்தைத் தூக்கிப் பாருங்கள்.